பிரிண்ட்டோடு போகிற ஆள்

கிறிஸ்பின் க்ளோவர் என்றால் நம்மாட்களுக்கு ‘பேக் டு த ஃப்யூச்சர்’ (1985) படத்தில் வரும் பயந்தாங்கொள்ளி அப்பாதான். மிச்சத்தை ‘கிறுக்கன்’ என்று முடித்துவிடுவார்கள். கிறுக்கு உண்டு, பணக் கணக்கில் மட்டும் இல்லை.

இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. வேறொரு நடிகருக்கு அவர் முகத்தின் வார்ப்பை ஒட்டி, பழைய காட்சிகளையும் சேர்த்து ஒப்பேற்றினார்கள். வழக்குப் போட்டார், சமரசமானது. ‘சார்லிஸ் ஏஞ்சல்ஸ்’ (2000) வில்லனுக்கு எழுதிய வசனம் பிடிக்காமல், பேசாமலே நடிக்கிறேன் என்று கேட்டு வாங்கினார். அந்தச் சம்பளம் சொந்தப் படத்துக்குப் போனது.

அவரே இயக்கிய ‘வாட் இஸ் இட்?’ 2005இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் வந்தது. நடித்தவர்களில் பெரும்பாலோர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள். எந்த விநியோகஸ்தர் கத்தரி போடாமல் விடுவார்? அதனால் 35 எம்எம் பிரிண்ட்டோடு அவரே ஊர் ஊராகப் போனார். முதலில் ஒரு மணி நேரம் தன் புத்தகங்களை ஸ்லைடு போட்டு வாசிப்பார். அப்புறம் படம், கேள்வி பதில், கடைசியில் புத்தகத்தில் கையெழுத்து. வெறும் 72 நிமிடப் படத்துக்கு வராத கூட்டம் இதற்கு வரும்.

கேரளத்தில் நம்ம சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குறும்படம் எடுக்கும் தம்பிகள் எடிட் முடிந்த கையோடு யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) போட்டால் யார் வருவார்கள்? மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊரில் காசு திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்து, ஊர் ஊராகப் போட்டுக் காட்டிய மாநிலம் சாமி இது!

தியேட்டரில் போடுவதானால் டிசிபி, அதாவது தியேட்டர் சர்வரில் ஏற்றும் டிஜிட்டல் பிரதி, வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேமிலேயே ஷூட் பண்ணுங்கள். 25இல் எடுத்ததை அப்படியே 24இல் ஓட்டினால் படம் 4 சதவீதம் நீளும், குரல் கனத்துவிடும். படம் கொண்டுபோகும் டிரைவ் லினக்ஸின் இஎக்ஸ்டி3 ஃபார்மட்டில் இருக்கட்டும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸை எல்லா சர்வரும் படிக்காது. குறிப்பிட்ட தேதிக்கும் சர்வருக்கும் மட்டும் சாவி கொடுக்கும் கேடிஎம் பூட்டு வேண்டவே வேண்டாம். தேதியோ சர்வரோ மாறினால் படம் திறக்காது.

வாயனசாலை ஹாலில் சாதா எச்டிஎம்ஐ வயர் 15 மீட்டர் போனால் படம் விட்டுவிட்டு வரும். லேப்டாப்பை புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, சவுண்டை மட்டும் நீள வயரில் இழுங்கள். கான்கிரீட் ஹாலில் வசனம் குழம்பும், பாஸைக் குறையுங்கள். மலையாள சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்து ஒரு காப்பி வையுங்கள். தனி ஃபைலாகக் கொடுத்தால் சில பிளேயரில் கூட்டெழுத்து உடைந்துபோகும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அந்தச் செலவையும் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

க்ளோவருக்கு ஹாலிவுட் முகம் இருக்கிறது, நமக்கு எங்கே என்பீர்கள். சரிதான். அதனால் தனியாகப் போகாதீர்கள், மூன்று பேர் படத்தைச் சேர்த்து 90 நிமிடமாக்குங்கள். உண்டியலை வாசலில் வைக்காமல், கேள்வி பதில் சூடாக இருக்கும்போதே வரிசை வரிசையாகச் சுற்றுக்கு விடுங்கள்.