அசால்ட் சேதுவின் இரண்டாம் பாதி

‘ஜிகர்தண்டா’ வந்தது 2014 ஆகஸ்ட் 1ஆம் தேதி. பத்து வருடம் தாண்டியும், நம்மூர் சிங்கப்பூரில் நாலு தமிழ் சினிமா ரசிகர்கள் கூடினால் அந்தப் படம் பேச்சில் வராமல் போவதில்லை. தீர்ப்பும் எப்போதும் ஒன்றுதான். "முதல் பாதி செம மாஸ். இடைவேளைக்கு அப்புறம் காமெடி பண்ணிக் கெடுத்துட்டாங்க." தேக்காவில் டீ குடிக்கும்போதும் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. இரண்டாம் பாதிதான் படம். முதல் பாதி அதற்காகப் போட்ட அஸ்திவாரம். இதை நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது: இங்கே நம் பையன்கள் சிலர் அந்த முதல் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். முடிவு வரை சொல்லப் போகிறேன்.

கார்த்திக் (சித்தார்த்) ஒரு தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியில் கலந்துகொண்ட இளைஞன். இயக்குநர் கார்த்திக் சுப்புராஜும் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியாக வந்தவர்தான், அதனால் அந்த உலகம் அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். கதையில் வரும் கார்த்திக்குக்குப் படம் எடுக்க வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் தயாரிப்பாளருக்கு ரத்தம் சொட்டும் தாதா கதை வேண்டும். நிஜ தாதா ஒருவனைப் பார்த்து எழுதலாம் என்று மதுரைக்குப் போய், நண்பன் ஊரணியைத் (கருணாகரன்) துணைக்கு வைத்துக்கொண்டு, ‘அசால்ட்’ சேதுவை வேவு பார்க்கிறான். மாட்டிக்கொள்கிறான். இனி உயிர் தப்பாது என்று நாம் நினைக்கும் இடத்தில் சேதுவுக்கு விஷயம் தெரிகிறது. இவன் தன்னை வைத்துப் படம் எடுக்க வந்தவன்! முகம் மலர்ந்துவிடுகிறது. செய்த கொலைகளை உட்கார்ந்து பெருமையாகச் சொல்ல ஆரம்பிக்கிறான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். இதே சேது, தன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய ஒரு நிருபரை உயிரோடு எரித்தவன். எழுதியவருக்குச் சாவு, படமெடுக்க வந்தவனுக்கு உபசாரம். இரண்டு பேர் வேலையும் அவனை ஊருக்குக் காட்டுவதுதானே? ஆனால் நிருபர், தான் கண்டதை எழுதினார். சினிமா, தான் ஆசைப்படுகிற மாதிரி தன்னைக் காட்டும் என்று சேது நம்புகிறான். ஊர்க் கண் முழுக்கத் தன் மேல் இருக்க வேண்டும், அந்தக் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்ய வேண்டும். அவன் செய்கிற அத்தனை கொடுமைக்கும் அடியில் இந்த ஒரு பசி இருக்கிறது.

இந்தப் பசியைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இளைஞர் கைகலப்பு பற்றிய நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், "முறைத்துப் பார்த்தான்" என்பதில் தொடங்கிய வழக்குகள் எத்தனை என்று. கோப்பிக்கடையில் ஒரு பார்வை, கிளப் வாசலில் ஒரு பார்வை. "என்னடா பார்க்குற?" அடுத்தது ஆள் சேர்ப்பது, ‘செட்டில்மெண்ட்’ பேசப் போவது, அங்கே ஒருவன் கத்தியோடு வருவது. அப்படி வெட்டிய பையனின் கைப்பேசியில் தன்னையே விதவிதமாக எடுத்துப் போட்ட படங்கள் இருக்கும். தானாகப் பார்த்தவனைத் தாங்க முடியவில்லை, தான் காட்டும்போது ஆயிரம் பேர் பார்த்தாலும் போதவில்லை. சேதுவின் நோயேதான் இது.

வாரக் கடைசியில் பையன்களுக்குப் படிப்பில் உதவும் ஒரு தொண்டூழியக் குழுவில் நானும் இருக்கிறேன். அதில் ஒரு பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேதுவின் காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷ் நாராயணனின் இசை, மெதுவாக நடந்து வரும் உருவம், அந்தப் பார்வை. முப்பது நொடிகூட இருக்காது. படம் முழுக்கப் பார்த்தாயா தம்பி என்று கேட்டேன். "பாதி பார்த்தேன், அப்புறம் அவரு அழுவுறது எல்லாம் வரும், நல்லா இருக்காது" என்றான். கெட்ட பையன் இல்லை. மரியாதை தெரிந்தவன், அம்மாவுக்குப் பயந்தவன். அந்த முப்பது நொடி மட்டும் அவனுக்குப் போதுமாக இருந்தது.

நாங்கள் சிறு வயதில் பார்த்து வளர்ந்தது 1986இல் தொடங்கிய ‘கிரைம்வாட்ச்’ என்ற தொலைக்காட்சிக் குற்றத் தடுப்பு நிகழ்ச்சி. அதில் திருடன் நடந்து வரும்போது யாரும் தீம் மியூசிக் போட மாட்டார்கள். கடைசியில் விலங்கு, தண்டனை விவரம், பொதுமக்களுக்கு எச்சரிக்கை. சலிப்பூட்டும் நிகழ்ச்சி என்று அப்போது சொல்வோம். இப்போது யோசித்தால், குற்றத்துக்கு ஒரு பொட்டு வைத்து அழகு பார்க்காததுதான் அதன் பெரிய நேர்மை. இந்தப் பக்கம் தமிழ் சினிமாவோ ரவுடிக்குக் காற்றாடி வைத்து முடியைப் பறக்கவிட்டு, கீழிருந்து கேமராவைத் தூக்கிக் காட்டியே இரண்டு மூன்று தலைமுறையை வளர்த்திருக்கிறது. கார்த்திக் சுப்புராஜ் செய்த காரியத்தின் அருமை அங்கேதான் தெரிகிறது. அதே காற்றாடியை, அதே இசையை முதல் பாதியில் முழுமூச்சாகப் பயன்படுத்துகிறார். நம்மைச் சேதுவுக்கு ரசிகர்களாக்கிவிட்டு, பிறகு கணக்குக் கேட்கிறார்.

எப்படிக் கேட்கிறார்? சேதுவே படத்தில் கதாநாயகனாக நடிக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அவனுக்கோ நடிப்பு வராது. அடியாட்களுக்கும் வராது. குரு சோமசுந்தரம் நடிப்பு ஆசிரியராக வருகிறார். ஊரையே நடுங்க வைத்தவர்கள் ஒரு மெலிந்த மனிதர் முன்னால் வரிசையாக நின்று, அழு என்றால் அழுவதற்கும் சிரி என்றால் சிரிப்பதற்கும் திணறுகிறார்கள். ‘காமெடி பண்ணிக் கெடுத்துட்டாங்க’ என்று சொல்லப்படுவது இந்தக் காட்சிகளைத்தான். எனக்கு இவை படத்திலேயே கனமான காட்சிகள். அந்த மனிதர்களுக்குத் தெரிந்த ஒரே பாவனை மிரட்டல். அதைக் கழற்றி வைக்கச் சொன்னால் மிச்சம் ஒன்றுமே இல்லை. ரவுடித்தனமே ஒரு நடிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு படம் வெளியாகிறது. ‘அ. குமார்’. அசால்ட் குமார் என்று சேது நம்பிக்கொண்டிருக்க, திரையில் அது ‘அழுகுணி குமார்’ ஆக விரிகிறது. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கத்திக்கும் துப்பாக்கிக்கும் அசையாதவனைச் சிரிப்பு சாய்த்துவிடுகிறது. அந்த நேரம் பாபி சிம்ஹாவின் முகத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘சூது கவ்வும்’ படத்தில் நயன்தாராவுக்குக் கோவில் கட்டிய பகலவனாக வந்தவர். இந்தப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது, விவேக் ஹர்ஷனுக்குச் சிறந்த படத்தொகுப்புக்கான விருதும். இரண்டும் தகுதியானவர்களுக்குப் போன விருதுகள்.

இந்தப் படத்தை வாங்கி வேறு மொழிகளில் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2019இல் தெலுங்கில் ‘கத்தலகொண்ட கணேஷ்’. தாதா வேடத்தில் வருண் தேஜ். 2022இல் இந்தியில் ‘பச்சன் பாண்டே’. தாதா வேடத்தில் அக்‌ஷய் குமார். தமிழில் பெரிதாக அறியப்படாத ஒரு துணை நடிகர் செய்த பாத்திரம், அங்கே போனதும் நட்சத்திரத்துக்கானதாகிவிட்டது. நட்சத்திரம் வந்துவிட்டால் பாட்டு வரும், அறிமுகக் காட்சி வரும், அவனைப் பார்த்து முழு மனதோடு சிரிக்க ரசிகர்களுக்கும் வாய் கூசும். சேதுவுக்கு என்ன ஆசை இருந்ததோ, அதை மறு ஆக்கங்கள் அவனுக்கு நிறைவேற்றிக் கொடுத்துவிட்டன. இந்தப் பசி சினிமாக்காரர்களுக்குள்ளேயே எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி எனக்குத் தேவையில்லை.

சரி, நம்மூருக்கு வருகிறேன். இங்கே ரகசியக் கும்பல்களின் எண்களும் பெயர்களும் பையன்கள் வாயில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகின்றன என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. இறந்துபோன நண்பனின் இறுதி ஊர்வலத்தில் கும்பல் பெயரைக் கோஷமிட்டதற்காகக் கைதானவர்கள் உண்டு. கோஷம் போட்டதை நண்பனே படம் பிடித்து வலையேற்றியிருப்பான், அந்தக் காணொளியே காவல்துறைக்குச் சாட்சியாகிவிடும். சங்கங்கள் சட்டத்தின்படி சட்டவிரோதக் கும்பலில் உறுப்பினராக இருந்தாலே 3 ஆண்டுவரை சிறை, 5,000 வெள்ளிவரை அபராதம். கலவரம் என்றால் 7 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. 1955இல் வந்த குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வழக்கு விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம், அதை நீட்டிக்கவும் முடியும். சின்ன வயது என்றால் சீர்திருத்தப் பயிற்சி. இதில் எந்த இடத்திலும் தீம் மியூசிக் கிடையாது. சாங்கி சிறையில் மகனைப் பார்க்க வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பேருந்தில் போகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். விடுதலையான பிறகு கழுத்தில் இருக்கும் பச்சையை மறைக்கச் சட்டைப் பொத்தானைக் கடைசிவரை போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போகிற பையன்கள் இருக்கிறார்கள். இவர்களை யாரும் முப்பது நொடிக் காணொளியாக வெட்டிப் போடுவதில்லை.

இதில் பையன்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் படமும் அப்படிச் செய்யவில்லை. கார்த்திக்கைக் கவனியுங்கள். படித்தவன், கனவு உள்ளவன், நம் அனுதாபம் முழுக்க அவனுக்குத்தான். ஆனால் சேதுவை நெருங்க வழி கிடைக்கும் என்பதற்காகக் கயல்விழியைக் (லட்சுமி மேனன்) காதலிப்பதுபோல் நடிக்கிறான். ஒரு பெண்ணின் மனது அவனுக்குக் கதைக்கான பொருள், அவ்வளவுதான். அவள் அதற்குக் கொடுக்கும் பதிலடிதான் படத்தின் அச்சாணி. சேதுவையே ஹீரோவாகப் போடலாம் என்ற எண்ணத்தை விதைப்பது அவள்தான். மொத்த இரண்டாம் பாதியும் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் கோபத்திலிருந்து பிறக்கிறது! ‘மாஸ்’ பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியில் சேது நடிகனாகிறான், கார்த்திக் ஆள் வைத்து மிரட்டிக் காரியம் சாதிக்கிற இயக்குநராகிறான். கத்தி வைத்திருப்பவனைவிடக் கேமரா வைத்திருப்பவன் பசி குறைந்தவன் என்று யார் சொன்னது? நம் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளிலும் பார்க்கிறோம். கீழ்த்தளத்துத் திறந்தவெளியான வாய்டு டெக்கில் அடிதடி என்றால் போலீஸுக்கு 999ஐ அழைக்கும் கைகளைவிடப் படம் பிடிக்கும் கைகள் அதிகம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குடும்பக் குழுக்களில் அந்தக் காணொளி நாலு முறை வந்துவிடும். அனுப்புகிறவர்கள் பதினாறு வயதுப் பையன்கள் இல்லை. மாமாக்களும் அத்தைகளும்தான், கூடவே ஒரு ‘ஐயோ பாவம்’ போட்டு. அடிபட்டுக் கிடக்கும் பையனுடைய அம்மாவின் கைப்பேசிக்கும் அது போகும். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சேதுவின் மனமாற்றம் அவசரமாக வந்துவிடுகிறது. ஜனம் பயப்படுவதைவிட ரசிப்பது அவனுக்குப் பிடித்துப்போகிறது, அதனால் மாறுகிறான். அது திருந்துவதா, அதே பசிக்கு வேறு தீனி கிடைத்ததா? எரிந்துபோன அந்த நிருபருக்கு இதில் என்ன நியாயம்? படம் அந்தக் கேள்வியோடு போதிய நேரம் உட்காரவில்லை. ஒரு முறையாவது அந்த மனிதரின் பெயரைச் சேதுவின் வாயால் சொல்ல வைத்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். இதைச் சொல்வதால் படத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை, இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் ஓர் அடி வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம்.

18 வயதைத் தாண்டிய எங்கள் பையன்கள் சிலருக்கு இந்தப் படத்தை முழுதாகப் போட்டுக் காட்டுவதாக இருக்கிறோம். ஸ்டேட்டஸ் வைத்திருந்த தம்பிக்கு இன்னும் அந்த வயது வரவில்லை, அவனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களிடம் படம் முடிந்ததும் நான் கேட்க நினைத்திருப்பது இரண்டே கேள்விகள். சேதுவைப் பார்த்துத் தியேட்டர் சிரித்தபோது உனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா? கோபம் வந்திருந்தால், யாருக்காக வந்தது? உங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள், என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். இரண்டாம் பாதி பிடிக்கவில்லை என்பவர்களும் எழுதுங்கள், எந்தக் காட்சியில் சலிப்பு தட்டியது என்று குறிப்பாகச் சொன்னால் பேசுவதற்கு எளிதாக இருக்கும்.