அவர் ஜாஸ் வாசித்தவர்

நம் பினாங்கில் சாக்ஸபோன் வாசித்த அங்கிளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது, அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. ஆன்ட்டி கேட்டுக்கொண்டதால் அங்கிள் பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மேடையில் பேசிய ஐயா சொன்ன ஒரு வரிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "நம்ம இசையை வாசிச்சிருந்தா இவரும் ஒரு கத்ரி கோபால்நாத் ஆகியிருப்பார். ஹோட்டல் ஹோட்டலா வெள்ளைக்காரன் பாட்டு வாசிச்சு வீணாப்போயிட்டார்." கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆன்ட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அங்கிள் வீணாகப் போகவில்லை. அவர் ஜாஸ் வாசித்தவர். விரும்பி, தெரிந்தே, வாழ்நாள் முழுக்க ஜாஸ் வாசித்தவர்.

முதலில் அந்த 'வெள்ளைக்காரன் பாட்டு'. ஜாஸை உருவாக்கியது அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டி கதையை அதே ஐயா மேடைக்கு மேடை குரல் தழுதழுக்கப் பேசுகிறவர். அவருக்கு இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது?

கத்ரி அவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கருவியிலேயே மாற்றம் செய்து சாக்ஸபோனில் கர்நாடக இசையின் கமகத்தைக் கொண்டுவந்த மேதை. 2019இல் அவர் காலமானபோது அங்கிள் அன்று முழுக்க அவருடைய கச்சேரிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அதே கத்ரி, ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ் கலைஞரோடு சேர்ந்து 2008இல் ஓர் ஆல்பமே கொடுத்திருக்கிறார். அவருக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் நம் ராகங்களைத் தேடித்தேடிக் கேட்டார், சிதார் கலைஞர் ரவிசங்கர் மேல் இருந்த மரியாதையில் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார் என்றால் நமக்குப் பெருமை தாங்கவில்லை. நம் ஆள் ஒருவர் கோல்ட்ரேனைத் தேடிப் போனால் மட்டும் வீணாய்ப்போனவர்.

சரி, ஒன்று சொல்கிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் அங்கிளின் மியூசிக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவேன். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. வழக்கம்போல 'டூயட்' படத்துப் பாட்டு கேட்டார்கள். 1994இல் அந்தப் படம் வந்ததிலிருந்து சாக்ஸபோனைக் கண்டாலே நம்மவர்கள் கேட்பது அதைத்தான். அதையும் படத்தில் வாசித்தவர் கத்ரிதான். அங்கிள் முதல் சுற்றைப் படத்தில் வருகிற மாதிரியே வாசித்தார். இரண்டாவது சுற்றில் மெட்டை விட்டு வெளியே போனார். அடியில் கீபோர்டு அதே கார்டுகளில், அதாவது சுரக்கூட்டுகளில் ஓடுகிறது, தாளமும் அதேதான், மேலே அவர் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டே போகிறார். ஜாஸ் அதுதான். டிரம்ஸ் வாசித்த சீன அண்ணன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். பிரியாணித் தட்டோடு வந்த பையன் அப்படியே நின்றுவிட்டான். பெண்வீட்டுக்காரர் ஒருவர் மேடைக்கு வந்து, "பாட்டு மாறிப்போச்சு, ஒழுங்கா வாசிங்க" என்றார். அங்கிள் கோபப்படவில்லை. ஃபெர்ரிப் படகில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "மெட்டு எல்லாருக்கும் தெரியும்டா. அதுக்கப்புறம் நீ என்ன சொல்றேங்கிறதுதான் வேலை."

அந்த இரண்டாவது சுற்றுக்காகத்தான் அவர் விடிவதற்குள் பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போய் நின்றார். அடுக்குமாடி வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள். ஊதும் முனையில் பொருத்துகிற ரீட் என்ற நாணல் பட்டையை வாயில் ஊறவைத்து, டெனர் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு, ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை நீட்டிப் பிடிப்பார். எழுபது வயதுக்கு மேலும் அதைச் செய்தார். வீணாய்ப்போனவர் செய்கிற காரியமா இது?

"ஒரு ஆல்பம்கூட இல்லையே, அப்புறம் என்ன பெரிய கலைஞர்?" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். தம்பி, ஹோட்டல் பேண்டில் வாசித்தவர்களுக்கு யார் ஆல்பம் போட்டார்கள்? நியூ வேர்ல்டு பார்க் கேளிக்கைப் பூங்காவில் நடன பேண்டுகள் வாசித்த காலத்திலிருந்து இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், யுரேசியர், பிலிப்பினோ, தமிழர் என்று எத்தனையோ பேர் இரவிரவாக வாசித்தார்கள். பினாங்கு ஜாஸ் கலைஞர் ஜிம்மி பாயல் மாதிரி ஒரு சிலர் பெயர்தான் வெளியே நின்றது. பதிவு இல்லை என்பதால் அவர்கள் வாசித்தது பொய்யாகிவிடுமா?

பெரியவர் நல்லெண்ணத்தில் சொன்னார் என்கிறார்கள். இருக்கலாம். நல்லெண்ணத்தில் சொன்னாலும் கேட்டது ஆன்ட்டியின் காதுதானே.

மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி. ரம்லீ நம் பினாங்கில் பிறந்தவர். 1962இல் வந்த அவருடைய 'இபு மெர்துவாகு' படத்தின் நாயகன் ஒரு சாக்ஸபோன் கலைஞன். மாமியாருக்கு இசைக்காரன் என்றாலே ஆகாது. கட்டியவளோடு பினாங்குக்கு வந்து, இசையை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போவான். டிவியில் எத்தனை முறை போட்டாலும் அவனுக்காக நம் வீடுகளில் அழுகிறார்கள். நம் நடுவிலேயே ஒருவர் கருவியைக் கீழே வைக்காமல் வாழ்ந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார், அவரைப் பார்த்துத்தான் 'வீண்' என்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை தலையாட்டியவர்களில் எத்தனை பேர் ஒருநாளாவது அந்த ஹோட்டல் லவுஞ்சில் உட்கார்ந்து அவர் வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்கள்? 2004இல் இந்தத் தீவில் ஜாஸ் விழா தொடங்கியபோது எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்? சங்க விருந்துக்கு மட்டும் "நம்ம ஆளுதானே" என்று சும்மா கூப்பிட்டு வாசிக்கவைத்தீர்கள். பாடகருக்குப் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தீர்கள், அவருக்குப் பொன்னாடை. வீட்டு அலமாரியில் அந்தப் பொன்னாடைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, ஆன்ட்டி காட்டினார். கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது அவரைப் பார்க்க வந்து வந்து போனவர்கள் பேண்டு ஆட்கள். அந்த டிரம்ஸ் அண்ணன் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பேசச் சொல்லி ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தமிழ் வராது, அதனால் என்ன? மலாயில் பேசியிருப்பார், நமக்குப் புரியாதா?

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அங்கிள் வாசித்த கேசட், கல்யாண வீடியோ, ஹோட்டல் போஸ்டர், பேண்டோடு எடுத்த படம் எது இருந்தாலும் எனக்கு மெசேஜ் போடுங்கள், வீட்டுக்கே வந்து நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். வீடியோவில் சாப்பாட்டுப் பந்தியின் பின்னணியில் அவர் வாசிப்பது லேசாகக் கேட்டாலும் போதும். அப்புறம், அந்த டெனர் சாக்ஸபோன் விற்பனைக்கு இல்லை. விலை கேட்டு ஆன்ட்டிக்குப் போன் செய்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.