நாற்பது பெயர்களில் தொடங்கிய திருமண்டலம்

போன மாதம் எங்கள் சேகரக் கோயிலின் (சில ஊர்ச் சபைகள் சேர்ந்தது சேகரம்) அலமாரியைச் சுத்தம் பண்ணப் போனோம். அடித்தட்டில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று கிடந்தது. தோல் அட்டை, பழுப்பேறிய மை. கையில் எடுத்ததும் ஓரம் மாவாக உதிர்ந்தது. நடுவில் பத்துப் பக்கம்போல கரையான் தின்று விட்டது. ஒரு பக்கத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது, தொழில் என்ற இடத்தில் ‘பனையேறி’ என்று இருக்கிறது, பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

ஒரு பேராயரின் கீழ் இருக்கும் சபைகள் எல்லாம் சேர்ந்ததுதான் திருமண்டலம். எங்கள் திருநெல்வேலித் திருமண்டலத்தின் தொடக்கம் எது என்று கேட்டால் பலர் 1896 என்பார்கள். சாமுவேல் மோர்லி முதல் அத்தியட்சராக, அதாவது பேராயராக, வந்த ஆண்டு அது. நிர்வாகக் கணக்குக்கு அது சரி. ஆனால் என்னைக் கேட்டால் 1780 என்பேன். அந்த ஆண்டுதான் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேரை எழுதி வைத்தார்கள். பேராயர் கிடையாது, மிஷன் பங்களா கிடையாது, கோயில்கூடக் கிடையாது. இருந்தது நாற்பது பெயர்.

அந்த நாற்பதில் ஒருத்தி கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்ததால், முதலில் கேட்டபோது ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் (குருமாரை நாங்கள் ஐயர் என்போம்) ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின் 1778இல் பாளையங்கோட்டையில் அவரே கொடுத்தார். அந்த அம்மாள் தன் முயற்சியில் கட்டிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றைக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். மறுக்கப்பட்ட ஒரு பெண் கட்டிய கோயிலில்தான் நம் கதை தொடங்குகிறது. இதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கடுத்து உபதேசியார்கள், ஊர்ச் சபையை நடத்தும் போதகர்கள். சத்தியநாதன் உபதேசியாராக வந்து, 1790இல் குருப்பட்டம் பெற்று முழுக் குருவானவர் ஆனவர். தாவீது சுந்தரானந்தம் இந்தத் தேரிக்காட்டுப் பிள்ளை. சொந்த ஊரில் அடிபட்டு, வீடு இழந்து நின்ற விசுவாசிகளைக் கூட்டிக்கொண்டு 1799இல் அவர் உண்டாக்கிய ஊர்தான் முதலூர். பெயரிலேயே கதை இருக்கிறது.

ரேனியஸ் ஐயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர். இன்று ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் கதீட்ரல் 1826இல் அவர் காலத்தில் எழுந்தது. ஆனால் கோபுரத்தைவிடப் பெரிய காரியம் அவர் தொடங்கிய தர்ம சங்கம். துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைத்துக் கொடுக்க, சபை மக்களே பணம் போட்ட சங்கம் அது. தன் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் யார் கொடுப்பது, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பேராயர்தான் கொடுக்கவேண்டுமா என்ற கேள்வியில் அவருக்கும் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கத்துக்கும் முட்டிக்கொண்டது. 1835இல் அவரை விலக்கினார்கள். உபதேசியார்கள் பலர் கூப்பிட்டதால் திரும்பி வந்தார். சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. 1838இல் அவர் இறந்த பிறகுதான் பிளவு ஆறியது. பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் இருக்கும் அவர் கல்லறைக்கு ஒருமுறையாவது போய் நில்லுங்கள்.

ஆக, நிர்வாகச் சண்டை நமக்குப் புதிதல்ல. சி.எம்.எஸ். பகுதி ஒன்று, எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு இங்கிலாந்து மிஷனெரி சங்கத்தின் பகுதி ஒன்று என்று ஒரே மாவட்டத்தில் இரண்டு மிஷன்கள் இருந்தன. மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் நல்லூரும் ஒருபக்கம். நாசரேத், சாயர்புரம், இடையன்குடி மறுபக்கம். 1877இல் உதவிப் பேராயர்களை வைத்தபோதும் இரண்டு பேரை வைத்தார்கள், சி.எம்.எஸ்.ஸுக்கு சார்ஜென்ட், எஸ்.பி.ஜி.க்கு கால்டுவெல். 1896இல் ஒரே திருமண்டலமாகி, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து, 2003இல் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது. எல்லை எத்தனை முறை மாறினாலும் கீழே இருக்கும் கட்டு மாறவில்லை. ஊருக்கு ஒரு சபை, அதற்கு உபதேசியார். சில சபைகள் சேர்ந்து ஒரு சேகரம், அதற்குக் குருவானவர். சேகரங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்கள் கூடும் பெருமன்றம், பெருமன்றத்திலிருந்து செயற்குழு. பேராயர் மேலே இருக்கிறார், உண்மைதான். ஆனால் பாரத்தைத் தாங்குவது கீழே இருக்கிற சபைதான்.

அந்தச் சபை எதில் ஓடியது? எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் தொங்கும் ஓலைப்பெட்டியில் போடுவாள். வீட்டில் கஞ்சிதான் என்றாலும் அந்தக் கைப்பிடி தவறாது. சனிக்கிழமை பெட்டி கோயிலுக்குப் போகும். குருணை, புழுங்கல், பச்சை எல்லாம் கலந்து கிடக்கும் குவியலை உபதேசியார் படியால் அளந்து ஏலம் விடுவார். இப்படிக் கொடுத்துப் பழகிய மக்கள்தான் 1903இல் வெள்ளைக்காரர் பணம் வாங்காமல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று நம் சேகரங்களில் ‘பெயர்ப் பட்டியல்’ என்றால் ஒன்றுதான் அர்த்தம், வாக்காளர் பட்டியல். பெருமன்றத் தேர்தல் நெருங்கினால், சபை உறுப்பினர் கட்டவேண்டிய சங்கக் காணிக்கைப் பாக்கியை யார் யாருக்காகவோ கட்டுகிறார்கள். வாட்சாப்பில் அணி அணியாகப் படம் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நற்கருணைக்கு ஒரே பந்தியில் முழங்கால் போடக் கூச்சப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் தொண்ணூறு வயது அம்மா ஒருத்தியின் பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள். ‘என் பேரு கோயில்ல இல்லையாமே தம்பி’ என்று அந்த அம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு ஓட்டு முக்கியமில்லை. கோயில் புத்தகத்தில் தன் பெயர் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

தேர்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபை மக்களுக்கு நிர்வாகத்தில் குரல் வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டு வாங்கிய உரிமை அது. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் எடுக்கும் பட்டியலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அந்தப் பழைய பதிவேடுகளுக்குக் காட்டக் கூடாதா? ஒவ்வொரு சேகரத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று நூறு நூற்றைம்பது வருஷத்துப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த அரசாங்க ஆவணத்திலும் பெயர் வராத பனையேறியும், கூலிக்காரியும், சேரிப் பிள்ளையும் பெயர் சொல்லி எழுதப்பட்ட இடம் அதுதான். பஞ்சத்திலும் காலராவிலும் செத்தவர்களின் கடைசித் தடயமும் அதுதான். சேகரக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டால் போதும். நாலு இளைஞர்கள், நல்ல கேமரா உள்ள ஒரு போன், இரண்டு சனிக்கிழமை. உபதேசியாரையும் கூட உட்கார வையுங்கள், பழைய கையெழுத்தை வாசிக்க அவரால்தான் முடியும். அவருக்கு அந்த நாளுக்குரிய படியையும் கொடுங்கள், அவர் சம்பளம் நமக்குத் தெரியாததல்ல.

எங்கள் ஐயரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயில் வராந்தாவில் தொடங்குகிறோம். கரையான் தின்ற அந்தப் பத்துப் பக்கத்துக்கு உரிய குடும்பங்கள் எவை என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டு எழுதப் போகிறோம். அந்தத் தொண்ணூறு வயது அம்மாவையும் ஆட்டோ வைத்துக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். பழைய ஆட்களை அவளுக்குத்தான் தெரியும்.