இறகு உதிர்வுக்குக் கால்சியம் மருந்தன்று

முட்டையிடும் கோழிக்கு இறகு உதிர்ந்தால் அது கால்சியம் குறைபாடே, கிளிஞ்சல் தூளை இரட்டிப்பாகக் கொடுத்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. கால்சியம் குறைந்தால் முதலில் தெரிவது முட்டை ஓட்டில்தான். ஓடு மெலியும், சில சமயம் ஓடே இல்லாத தோல்முட்டை வரும். இறகோ பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஒரு வயதைக் கடந்த கோழி, பகல்பொழுது குறையும் காலத்தில், தலையிலும் கழுத்திலும் தொடங்கிப் படிப்படியாக வால்வரை இறகை உதிர்த்து, முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டு, ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்களில் புதிய இறகு பெறுவது இயல்பானது. தோலில் முள் போன்ற குருத்திறகுகள் தெரிந்தால் ஐயமே வேண்டாம். அப்போது தேவைப்படுவது புரதம் மிகுந்த தீவனம். முட்டையிடாத கோழிக்குக் கால்சியத்தைத் திணித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

எந்த இடத்தில் உதிர்ந்தது என்று கேட்காமலேயே மருந்து சொல்வது எனக்கு விளங்கவில்லை. முதுகு மட்டும் வெறுமையானால் பெரும்பாலும் சேவல் மிதித்ததாக இருக்கும். ஆசனவாயைச் சுற்றி இறகடியில் வெண்கொத்தாக முட்டைகள் ஒட்டியிருந்தால் அது பேன். இரத்தம் உறிஞ்சும் சிவப்பு உண்ணி பகலில் கோழியின் உடலில் அகப்படுவது அரிது என்பதால், இரவில் கைவிளக்குடன் கோழிகள் அமரும் கழியின் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். கோழி ஒடுங்கி நின்று தீவனத்தையும் தவிர்த்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.