குற்றாலத்தில் தடை என்றால் தடைதான்

குற்றாலத்தில் குளிக்கத் தடை விதிக்கும்போதெல்லாம், காவலுக்கு நிற்பவர்களோடு வாக்குவாதம் செய்வதை நாம் விட்டுவிட வேண்டும். சென்ற சீசனில் தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு அங்கே போயிருந்தபோது கண்ணால் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் தென்காசியில் இறங்கி, அம்மா, அத்தை, பிள்ளைகள் என எல்லோருமாகப் பேரருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் அளவாகத்தான் விழுந்தது, வெயிலும் அடித்தது. ஆனால் காவலர்கள் விசில் ஊதி, குளித்துக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். "ஒரு தூறல்கூட இல்ல, இதுல எங்கேர்ந்து சார் வெள்ளம் வரும்?" என்று பலர் கோபப்பட்டார்கள். சற்று நேரத்தில் நீர் செம்மண் நிறமாக மாறி, பாதுகாப்பு வளைவையும் தாண்டி வந்து விழுந்தது. முன்வரிசையில் நின்று குளித்தவர்கள் அப்போதும் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கீழே நிற்கும் நமக்குத் தெரிவது அருவியின் கடைசிப் பகுதி மட்டுமே. அதற்கு மேலே காட்டுக்குள் தேனருவியும் செண்பகாதேவி அருவியும் இருக்கின்றன. மலையில் பெய்யும் மழையெல்லாம் சிற்றாற்றில் சேர்ந்து அவற்றின் வழியாகத்தான் இறங்கி வருகிறது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், இடையில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் நம்மால் அதன் அடியில் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. மேலே கனமழை பெய்துவிட்டால் அந்தப் பள்ளத்தால் வெள்ளத்தைத் தாங்க முடியாது. கல்லும் மரக்கிளையும் சேர்ந்தே வரும். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா?

வடசென்னைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால், காசிமேட்டில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அனுபவமுள்ளவர்கள் விசைப்படகை எடுக்க மாட்டார்கள். புயல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கடலுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை மலைக்கும் கொடுக்க வேண்டும்.

ஏமாற்றம் இல்லாமல் இல்லை. முழங்கால் வலியோடு 600 கிலோமீட்டருக்கு மேல் வந்த என் அம்மா, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கும் மனம் பொறுக்கவில்லை. அதனால் ஒரே நாளில் போய்த் திரும்பும்படி யாரும் திட்டமிடாதீர்கள். இரண்டு நாளாவது கையில் இருந்தால், வெள்ளம் வடிந்து தடை நீங்கும்வரை காத்திருக்கலாம். நிர்வாகத்திடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றில் எங்கே தடை, எங்கே அனுமதி என்பதைத் தென்காசி ரயில் நிலைய வாசலிலேயே பெரிய எழுத்தில் உடனுக்குடன் அறிவித்தால், வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வோர் அருவியாக அலைய நேராது.