கொட்டை எழுத்தில் வந்த தப்புகள்

பழைய செய்தித்தாள்களின் முதல் பக்கங்களைத் தேடிப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. அதில் எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பை அடக்க முடியாத படம் ஒன்று: ரயில் பெட்டியின் பின்பக்கம் நின்றுகொண்டு ஹாரி ட்ரூமன் ஒரு பேப்பரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வாய் கொள்ளாத சிரிப்பு. பேப்பரில் கொட்டை எழுத்தில் ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டியூயி’ என்று இருக்கிறது. தோற்றதாக அச்சிடப்பட்டவர்தான் ஜெயித்து அந்தப் பேப்பரைக் காட்டுகிறார்!

1948 நவம்பர் 2 அமெரிக்க அதிபர் தேர்தல். அதிபராக இருந்த ட்ரூமனை எதிர்த்து நின்ற டியூயி ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கருத்துக்கணிப்பு நடத்திய எல்மோ ரோப்பர், இனி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார். அந்தத் தலைப்பைப் போட்ட சிகாகோ ட்ரிப்யூனில் அப்போது அச்சுக்கோப்பவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பக்கங்களைத் தட்டச்சு செய்து, அதைப் படமெடுத்து அச்சுக்குத் தகடு செய்தார்கள். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் முதல் பதிப்பை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே முடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எண்ணிக்கை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. காத்திருக்க நேரமில்லை. தேர்தல் கணிப்பில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்த வாஷிங்டன் நிருபர் சொன்னதை நம்பித் தலைப்பு போட்டார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் அச்சாகிவிட்டன. கடைசியில் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக ஒதுக்கப்படும் வாக்குகள்), டியூயிக்கு 189. இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பிரதி ஒன்று ட்ரூமன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் நடந்ததுதான் அந்தப் படம்.

இது யாருக்கும் கேடு செய்யாத தப்பு, அதனால் மனம்விட்டுச் சிரிக்கலாம். ஒருவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்கும் தலைப்பின் கதை வேறு. 1975-இல் நியூயார்க் நகர நிர்வாகம் கடனில் மூழ்கித் திவாலாகும் நிலையில் இருந்தது. அதை மீட்க நிதி கொடுக்கும் எந்த மசோதாவையும் தடுப்பேன் என்று அதிபர் ஃபோர்டு பேசினார். மறுநாள், அக்டோபர் 30, டெய்லி நியூஸ் போட்ட தலைப்பு: ‘நகரத்துக்கு ஃபோர்டு: செத்துத் தொலை’. அந்தச் சொற்களை அவர் சொல்லவே இல்லை. இரண்டு மாதத்துக்குள் அதே நகரத்துக்குக் கடன் கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 1976 தேர்தலில் நியூயார்க் மாநிலம் அவரை எதிர்த்து நின்ற கார்ட்டர் பக்கம் போனது. அதன் 41 தேர்வாளர் வாக்குகள் மட்டும் கிடைத்திருந்தால் ஃபோர்டு மறுபடியும் அதிபர். தலைப்பு ஒன்றினால் மட்டுமே தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு இருந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

சிரிக்கவே முடியாத தலைப்பும் இருக்கிறது. 1912 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் ஈவினிங் சன், டைட்டானிக்கில் இருந்த எல்லோரும் காப்பாற்றப்பட்டதாகச் செய்தி போட்டது. இறந்தவர்கள் 1,500 பேருக்கு மேல். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட குடும்பங்களை நினைத்தால் மனம் கனத்துப் போகிறது.

சரி, தப்பு வராமல் பேப்பர் நடத்த முடியாது, அது எனக்கும் புரிகிறது. விஷயம் மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும் நேரத்தில்தான் மிகப் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பதெல்லாம், தலைப்பு எந்த அளவு எழுத்தில் வந்ததோ அதே அளவில், அதே முதல் பக்கத்தில் திருத்தமும் வர வேண்டும் என்பதுதான். அப்படி வந்தாலும் தலைப்பைத் துரத்திப் பிடிப்பது சுலபமில்லை. 1947 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் ராஸ்வெல் ஊர்ப் பத்திரிகை, ராணுவம் பறக்கும் தட்டைப் பிடித்துவிட்டதாகத் தலைப்பு போட்டது. செய்தி ராணுவமே கொடுத்தது! உடனேயே, அது வெறும் வானிலை பலூன் என்று ராணுவம் மறுத்தும்விட்டது. இன்றைக்கு அந்த ஊரில் பறக்கும் தட்டுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது.

உடனே வந்த திருத்தத்துக்கே இந்தக் கதி. அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடர்டுக்கு வந்த திருத்தத்தைக் கேளுங்கள். காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதுகூட இவருக்குத் தெரியவில்லையே என்று 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. ஆறு ஆண்டு கழித்து உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை அவர் ஏவிக் காட்டினார். அப்போதும் பத்திரிகை தன் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. 1969 ஜூலை 17, அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்குத்தான், சின்னதாக மூன்று பத்தியில், வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது, தவறுக்கு வருந்துகிறோம் என்று எழுதினார்கள். கோடர்டு இறந்து அப்போது கிட்டத்தட்ட 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.