உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை

அண்ணா, "போன் அடிமைத்தனம் ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது, வருத்தம் பிள்ளைக்கு, தாய் தகப்பன் என்ன செய்கிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே பிழை. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, அந்த நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இருப்பது கேம் விளையாட்டுக் கோளாறு. கைபேசி அடிமைத்தனம் என்று ஒரு நோய் அதில் இல்லை. கேம் கோளாறு என்று சொல்லவும், படிப்பும் வீட்டு உறவும் குலையுமளவுக்கு அது பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

சரி, தாய் தகப்பன் விசயம். போன மாதம் கிளிநொச்சியில் அக்கா வீட்டில் இரவுச் சாப்பாடு. அத்தானுக்கு வலக்கையில் புட்டு, இடக்கையில் போன். பதினைந்து வயது மகன், பள்ளிக்கூட அணிக்குத் தன்னை எடுத்த கதையைச் சொல்லத் தொடங்கினான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தும் அத்தானிடமிருந்து "ம்" மட்டும்தான் பதில். கதையைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் போனை எடுத்தான். எனக்கு நெஞ்சு கனத்தது.

பெற்றோரின் போன் பழக்கமும் பிள்ளையின் பழக்கமும் சேர்ந்தே போவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக முழுப்பழியும் பெற்றோருக்கு என்றில்லை. 2020இல் பள்ளிக்கூடம் பூட்டி, பாடம் வாட்ஸ்அப்பில் வந்தபோது வன்னியில் எத்தனை தாய்மார் நகையை அடகு வைத்துப் போன் வாங்கினார்கள்! பள்ளிக்கூடம் திறந்த பிறகு அதை எப்போது கீழே வைப்பது என்றுதான் பல வீடுகளில் பேசவில்லை. இரவில் எல்லோருடைய போனும், அப்பாவுடையதும், குசினியில் சார்ஜில் கிடக்கட்டும். பிள்ளை நித்திரையும் பள்ளிக்கூடமும் இல்லாமல் கிடந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.